வாளை உயர்த்தியும் வெட்டாத வீரன்: குன்றத்தூர் சேக்கிழார் எழுதிய ‘கொல்லாத’ ஹீரோக்கள்

குன்றத்தூரில் அதிகாலை ஐந்தரை மணிக்கே சாலை விழித்துக்கொள்ளும். ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் போகும் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஐடி கார்டை கழுத்தில் மாட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸோடு நிற்பவர்களில் பலருக்குத் தெரிந்த குன்றத்தூர் என்பது மலைமேல் இருக்கும் முருகன் கோயிலும், செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பும்போது வரும் வெள்ள எச்சரிக்கையும்தான். ஆனால் தமிழ் இலக்கிய வரலாற்றில் இந்த ஊரின் பெயர் நிலைத்ததற்குக் காரணம் வேறு. 12-ஆம் நூற்றாண்டில் சோழ நாட்டின் அமைச்சராக இருந்து, பிறகு பெரியபுராணம் எழுதிய சேக்கிழார் பிறந்த ஊர் இது.

அவரை இப்போது ஏன் பேச வேண்டும்? அதற்கு ஒரு விளையாட்டு காரணம். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ரோல்பிளே விளையாட்டுகள் இன்று நம் நகரங்களிலும் ஆடப்படுகின்றன. 1974-ல் அமெரிக்காவில் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இதற்குத் தொடக்கம். போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்த வகை என்பதால், இதில் அடிதடிக்குத்தான் விதிகள் அதிகம். அந்த மேசையில் ஒருத்தர், தன் பாத்திரம் யாரையும் கொல்லாது என்று சொல்லிவிட்டால் சிக்கல் ஆரம்பிக்கும். கூட இருப்பவர்கள் எதிரிகளை வெட்டித் தள்ள, இவர் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு கை சுத்தம் என்று நிற்கலாமா? இல்லை, மற்றவர்கள் கையையும் பிடித்துத் தடுக்க வேண்டுமா? தடுத்தால் அவர்கள் ஆட்டம் கெடாதா? கொல்லாமையால் அந்தப் பாத்திரத்துக்கு எந்த நஷ்டமுமே வராவிட்டால் அது குணமா, வெறும் அலங்காரமா?

இது விளையாட்டுக்காரர்களின் தகராறு மட்டும் இல்லை. ஆயுதம் ஏந்தத் தெரிந்தும் ஏந்தாத மனிதனைக் கதையில் எப்படி நிறுத்துவது என்ற கேள்வி இது. சுமார் 900 வருஷத்துக்கு முன்னால் குன்றத்தூர்க்காரர் ஒருவர் இதற்குக் கொடுத்த பதில்கள் அசர வைக்கும். சில இடங்களில் சங்கடப்படுத்தவும் செய்யும்.

யார் இந்த சேக்கிழார்?

சேக்கிழார் என்பது குடிப்பெயர். அவருடைய இயற்பெயர் அருண்மொழித்தேவர். தொண்டை நாட்டில், புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூரில், வேளாளர் மரபில் பிறந்தார். தம்பியின் பெயர் பாலறாவாயர். அவருடைய வாழ்க்கை பற்றி நமக்குக் கிடைக்கும் செய்திகளில் பெரும்பகுதி, உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் சேக்கிழார் புராணத்திலிருந்து வருபவை. அது இவர் காலத்துக்குப் பிறகு எழுந்த நூல். அதனால் கீழே வரும் நிகழ்ச்சிகளில் எது வரலாறு, எது பக்தி மரபு என்று கோடு கிழித்துப் பிரிப்பது சிரமம். பிறந்த ஊர், அமைச்சர் பதவி, சோழ அரசன், தில்லை. இந்த நான்கிலும் பெரிய சண்டை இல்லை.

அவர் அரசவைக்குப் போன விதம் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. சோழ அரசன் மூன்று கேள்விகளை அனுப்பினானாம். மலையை விடப் பெரியது எது, கடலை விடப் பெரியது எது, உலகத்தை விடப் பெரியது எது. சிறுவன் அருண்மொழி மூன்றுக்கும் திருக்குறளிலிருந்தே பதில் எடுத்துக் கொடுத்தான் என்கிறது அந்தக் கதை. கடலையும் உலகத்தையும் விடப் பெரியது பிறர் செய்த உதவி. மலையை விடப் பெரியது, தன் நிலையிலிருந்து மாறாமல் அடங்கி நிற்பவனின் தோற்றம். கதை நடந்ததோ இல்லையோ, அந்தக் கடைசி பதிலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அவர் எழுதிய வீரர்கள் சிலர் அப்படியே நிற்பார்கள்.

அரசனின் பெயர் அனபாய சோழன். 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாம் குலோத்துங்கனே இவன் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. இவனிடம் முதலமைச்சராகி, உத்தமசோழப் பல்லவராயன் என்ற பட்டத்தையும் பெற்றார் சேக்கிழார். கும்பகோணம் பக்கத்துத் திருநாகேஸ்வரம் கோயில் மீது அவருக்குத் தனிப் பிரியம். அதே பெயரில் சொந்த ஊரிலும் ஒரு கோயில் கட்டினார். குன்றத்தூரில் இன்றைக்கும் ராகு பரிகாரத்துக்குக் கூட்டம் போகிறதே, வடநாகேஸ்வரம், அதுதான்.

போர்ப்பாட்டு காலத்தில் ஒரு அமைச்சர்

அந்தச் சூழலைக் கொஞ்சம் பார்த்தால்தான் அவர் செய்தது புரியும். சோழ அவையில் அப்போது ஓங்கி ஒலித்தது போர்ப் புகழ். ஒரு தலைமுறைக்கு முன்னால் முதலாம் குலோத்துங்கனின் கலிங்க வெற்றியை ஜெயங்கொண்டார் பரணியாகப் பாடி முடித்திருந்தார். போரில் ஆயிரம் யானைகளைக் கொன்றவனைப் பாடுவது பரணி என்பது இலக்கணம். சேக்கிழார் காலத்து அவைப் புலவர் ஒட்டக்கூத்தர். தில்லைக் கோயிலிலிருந்த திருமால் சிலையை அனபாயன் அகற்றிக் கடலில் போட்டதைக்கூடச் சாதனையாகப் பாடியவர் அவர். மதச் சண்டையும் நிலச் சண்டையும் கைகோத்துப் போன காலம்.

அரசன் அப்போது விரும்பிப் படித்துக்கொண்டிருந்தது சீவக சிந்தாமணி. திருத்தக்கதேவர் என்ற சமண முனிவர் எழுதிய காப்பியம் அது. கதாநாயகன் சீவகன் பல பெண்களை மணந்து, போரில் வென்று, நாட்டை மீட்டு, கடைசியில் துறவு பூணுவான். சைவ அரசன் இதை ரசிப்பது அமைச்சருக்குப் பிடிக்கவில்லை. சிவனடியார்களின் கதைகளைக் கேட்கும்படி அவர் யோசனை சொன்னார். அரசன் அந்தக் கதைகளைக் கேட்டான், நூலாகவே எழுதும்படி வேண்டினான், அதற்கான பொருளையும் கொடுத்தான். சேக்கிழார் பதவியை விட்டுவிட்டுச் சிதம்பரம் கிளம்பினார்.

அவர் கையில் இருந்த மூலப்பொருள் ரொம்பக் கொஞ்சம். சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகையில் 11 பாடல்கள்தான். அதில் அடியார் பெயரும் ஒரு சிறு குறிப்பும் இருக்கும், அவ்வளவுதான். நம்பியாண்டார் நம்பியின் அந்தாதி அதைக் கொஞ்சம் விரித்தது. இதை வைத்து 63 தனி அடியார்களையும் 9 தொகையடியார்களையும் ஊர், குலம், தொழில், வீடு, மனைவி, பக்கத்துத் தெரு என்று 4,000-க்கும் மேற்பட்ட பாடல்களில் நடமாட விட்டார் சேக்கிழார். அமைச்சராக இருந்து பார்த்த ஊர்களும் கேட்ட கதைகளும் கைகொடுத்திருக்க வேண்டும். குயவர், வண்ணார், மீனவர், நெசவாளர், வேடர், அரசர் என்று எல்லாரும் வருகிறார்கள். சண்டைக்காரர்களும் நிறைய.

ஏனாதிநாதர்: வாளைக் கீழே போடாமல் தோற்றவர்

எயினனூர்க்காரர் ஏனாதிநாதர். ஈழக்குலச் சான்றார். அரசர்களுக்கு வாள் பயிற்சி கொடுப்பது அவர் தொழில். அதில் வரும் பணத்தை அடியார்களுக்குச் செலவிடுவார். அதே தொழிலில் இருந்த அதிசூரன் என்பவனுக்கு இவரிடம் மாணவர்கள் குவிவது பொறுக்கவில்லை. ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்து, ஜெயிப்பவருக்கே பயிற்சி உரிமை என்று சண்டைக்கு அழைத்தான். சண்டை நடந்தது. ஏனாதிநாதர் அவன் படையைச் சிதறடித்தார். அதிசூரன் ஓடிவிட்டான்.

இந்த முதல் பகுதி முக்கியம். சேக்கிழார் இதை அவசரமாகத் தாண்டவில்லை. ஏனாதிநாதர் எவ்வளவு பயங்கரமான வாள்வீரர் என்பதைப் படிப்பவர் முதலில் பார்த்துவிட வேண்டும். அப்போதுதான் அடுத்து நடப்பது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை என்று புரியும்.

இரவெல்லாம் தூங்காமல் யோசித்த அதிசூரன் ஒரு வழி கண்டுபிடித்தான். வீணாக மற்றவர்கள் சாக வேண்டாம், நாம் இருவர் மட்டும் விடியற்காலையில் ஒரு தனி இடத்தில் மோதுவோம் என்று சொல்லி அனுப்பினான். ஏனாதிநாதர் சம்மதித்தார். வீட்டாருக்குக்கூடச் சொல்லாமல் தனியாகப் போனார். அதற்கு முன் ஒருநாளும் திருநீறு பூசாத அதிசூரன் அன்றைக்கு நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, அதைக் கேடயத்தால் மறைத்தபடி வந்தான். வாளை ஓங்கிக்கொண்டு ஏனாதிநாதர் கிட்டே வரும்வரை காத்திருந்து, கேடயத்தைச் சற்றே விலக்கினான். நெற்றி தெரிந்தது.

ஏனாதிநாதருக்கு ஒரு விதி உண்டு. நீறு பூசியவர் சிவனடியார். அடியாரை வெட்டக் கூடாது. முந்தின நாள்வரை இவன் நெற்றியில் இது இல்லை என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் இனி இவன் அடியாராகிவிட்டான், இவன் நினைத்ததே நடக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டார். வாளையும் கேடயத்தையும் கீழே போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைக்கிறார்.

இங்கதான் விஷயமே இருக்கு. அவர் போடவில்லை. ஆயுதம் இல்லாதவனைக் கொன்றான் என்ற பழி எதிராளிக்கு வந்துவிடுமே என்று யோசிக்கிறார். அதனால் வாளைப் பிடித்தபடியே, சண்டை போடுகிறவரைப் போல நேரே நிற்கிறார். அதிசூரன் தான் வந்த காரியத்தை முடித்துக்கொள்கிறான்.

ஒரு நிமிஷம் இதை விளையாட்டு மேசையில் வைத்துப் பாருங்கள். 1986-ல் வந்த கர்ப்ஸ் என்ற ரோல்பிளே விதித்தொகுப்பில் கொல்லாமைக்கே படிநிலைகள் உண்டு. கொல்லத் தயங்குபவர், கொல்லவே மாட்டாதவர், அப்பாவிகளைத் தொடாதவர், தற்காப்புக்கு மட்டும் கை ஓங்குபவர், எந்த வன்முறையும் செய்யாதவர் என்று தனித்தனி. கட்டுப்பாடு கூடக்கூட, பாத்திரத்தை உருவாக்கும்போது வேறு திறமைகளுக்குச் செலவழிக்கக் கூடுதல் புள்ளிகள் கிடைக்கும். நஷ்டத்துக்கு ஈடு. ஏனாதிநாதரின் விதி அந்த ஏணியில் எந்தப் படியிலும் உட்காராது. எவ்வளவு அடிக்கலாம் என்பது அவர் கேள்வியே இல்லை. எதிரில் நிற்பது யார் என்பதுதான் கேள்வி. அவருடைய வாள் திறமை ஒரு துளிகூடக் குறையவில்லை. விதி செயல்படத் தொடங்கும் நொடி துல்லியமாகத் தெரிகிறது. எதிரிக்கும் அந்த விதி தெரியும், அதையே ஆயுதமாக்குகிறான். செலவு முழுக்க இவருடையது. போதாததற்கு, தன்னைக் கொல்பவனின் பெயரையும் காப்பாற்றிவிட்டுப் போகிறார். எந்த விதிப்புத்தகத்திலும் இதற்குப் புள்ளி இல்லை.

மெய்ப்பொருள்: நண்பனின் வாளைத் தடுத்தவர்

ஏனாதிநாதர் தனியாக இருந்தார், அது ஒரு வகையில் வசதி. பக்கத்தில் ஆள் இருந்தால்?

திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரும் போர் தெரியாதவர் இல்லை. முத்தநாதன் என்ற பகை அரசன் அவரிடம் பலமுறை மோதித் தோற்றுப் போயிருக்கிறான். நேரில் முடியாது என்று தெரிந்ததும் உடம்பெல்லாம் நீறு பூசி, சடை முடித்து, சிவனடியார் வேஷத்தில் வந்தான். கையில் ஒரு சுவடிக் கட்டு, அதற்குள்ளே கத்தி. அடியார் என்றால் அரண்மனையில் எந்த வாசலிலும் தடை இல்லை. கடைசி வாசலில் இருந்த தத்தன் என்ற காவலன் மட்டும், அரசர் தூங்குகிறார், நேரம் பார்த்துப் போகலாம் என்று சொல்லிப் பார்த்தான். முத்தநாதன் கேட்கவில்லை. யாருக்கும் கிடைக்காத ஆகமம் ஒன்றைக் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லிப் படுக்கையறைக்குள் நுழைந்தான். அரசியை அனுப்பிவிடச் சொன்னான். அரசர் அனுப்பினார். அவனை ஆசனத்தில் உட்கார வைத்துவிட்டு, பாடம் கேட்கத் தான் தரையில் உட்கார்ந்து தலை குனிந்தார். சுவடி பிரிந்தது, கத்தி வெளியே வந்தது.

தத்தன் பாய்ந்து உள்ளே வந்து வாளை ஓங்கிவிட்டான். ரத்தம் பெருக விழுந்துகொண்டே இருந்த அரசர் கையை நீட்டி அவனைத் தடுத்தார். இவர் நம்மவர் என்றார். ஊரார் யாரும் இவரைத் துன்புறுத்தாமல் எல்லைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வரும்படி ஆணையிட்டார்.

அடுத்து சேக்கிழார் கேமராவை அரசரிடமிருந்து எடுத்துத் தத்தன் பின்னாடி அனுப்புகிறார். அவன் நிலையை யோசித்துப் பாருங்கள். தன் அரசனைக் குத்தியவனுக்கு இப்போது அவனே பாதுகாப்பு. செய்தி பரவி மக்கள் சூழ்கிறார்கள், கொலைகாரனை வெட்ட வருகிறார்கள். உருவிய வாளோடு தத்தன் அவர்களை விலக்குகிறான். அரசரின் ஆணையைச் சொன்னதும் ஒவ்வொரு கூட்டமாக ஒதுங்குகிறது. நகரத்தைத் தாண்டி, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் விட்டுவிட்டுத் திரும்புகிறான். அந்தச் சேதியைக் கேட்கத்தான் மெய்ப்பொருள் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கேட்ட பிறகு, தத்தனால் இப்படியொரு உதவியை யார் செய்ய முடியும் என்று நெகிழ்ந்துவிட்டுக் கண்மூடுகிறார்.

விளையாட்டு மேசையில் எழுந்த கேள்விக்கு வருவோம். கொல்லாதவர் தன் கூட்டாளியின் கையைத் தடுக்கலாமா? மெய்ப்பொருள் தடுக்கிறார். ஆனால் தடுக்கும் உரிமையைத் தன் வயிற்றில் கத்தி வாங்கிக்கொண்டு சம்பாதித்திருக்கிறார். கூட்டாளியை ஓரமாக உட்கார வைக்கவும் இல்லை. கதையின் மிகக் கடினமான வேலையை அவன் கையில் கொடுக்கிறார். தத்தனுக்கு அந்த விதியில் நம்பிக்கை இருந்ததா என்று சேக்கிழார் விவாதிக்கவே இல்லை. அவன் செய்து முடித்தான், அவ்வளவுதான். நாயன்மார் பட்டியலில் தத்தனுக்கு இடம் இல்லை என்பது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது.

அமைச்சர் எழுதிய அமைச்சர்

மனுநீதிச் சோழன் கதை எல்லாருக்கும் தெரியும். இளவரசனின் தேர்க்காலில் கன்றுக்குட்டி சிக்கிச் செத்தது. தாய்ப்பசு அரண்மனை மணியை அடித்தது. அரசன் மகனையே தேர்க்காலில் கிடத்தினான். பள்ளிக்கூடத்தில் படித்தபோது நாம் தவறவிட்ட ஒரு ஆள் இந்தக் கதையில் உண்டு. பெரியபுராணத்தின்படி, மகன்மீது தேரை ஓட்டும்படி அரசன் முதலில் ஆணையிட்டது ஓர் அமைச்சரிடம். அவரால் அதைச் செய்ய முடியவில்லை, ஆணையை மீறவும் முடியவில்லை. அவர் தன் உயிரை விட்டுவிடுகிறார். அதன் பிறகுதான் அரசனே தேரேறுகிறான். முடிவில் கன்று, இளவரசன், அமைச்சர் மூன்று பேரும் இறையருளால் எழுகிறார்கள்.

கொல் என்ற ஆணைக்கும் கொல்ல மாட்டேன் என்ற மனசுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு மந்திரியை, வருஷக்கணக்கில் மந்திரியாக இருந்த ஒருவர் எழுதுகிறார். சில வரிகளில் கடந்துவிடுகிறார். அந்தச் சுருக்கமே ஏதோ சொல்கிறது.

எல்லாரும் இப்படியா?

இல்லவே இல்லை. பெரியபுராணத்தை அகிம்சை நூல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கருவூரில் அடியாரின் பூக்கூடையைத் தட்டிவிட்ட பட்டத்து யானையையும், அதனுடன் வந்த பாகர்களையும் மழுவால் வெட்டிச் சாய்த்தவர் எறிபத்த நாயனார். கோயிலுக்கென்று வைத்திருந்த நெல்லைப் பஞ்சத்தில் எடுத்துச் சாப்பிட்ட உறவினர்களைக் கோட்புலியார் குழந்தைகூட விடாமல் கொல்கிறார். முனையடுவார் கூலிக்குப் போர் செய்து, அந்தப் பணத்தில் அடியார்களுக்குச் சோறு போடுகிறார். இவர்களையும் அதே பக்தியோடுதான் சேக்கிழார் பாடுகிறார்.

புகழ்ச்சோழர் கதை நடுவில் நிற்கிறது. தன் படை வென்று கொண்டுவந்து குவித்த தலைகளைப் பார்வையிடும்போது, ஒரு தலையில் சடை இருப்பதைக் கவனிக்கிறார் அந்த அரசர். அடியார் ஒருவரைக் கொன்றுவிட்டோம் என்று நடுங்கி, அந்தத் தலையைப் பொற்தட்டில் ஏந்தித் தானே தீயில் இறங்குகிறார். சடை இல்லாத மற்ற தலைகள்? அவை பற்றி அரசருக்குக் கவலை இல்லை. கதைக்கும் இல்லை.

கை சுத்தம், ஆனால்

இந்த இடத்தில்தான் சேக்கிழாரை மெதுவாகப் படிக்க வேண்டியிருக்கிறது. அவர் எழுதியவர்களிலேயே முழுமையான அகிம்சையாளர் திருநாவுக்கரசர். பல்லவ அரசன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்தான், நஞ்சு கலந்த சோறு கொடுத்தான், யானையை ஏவினான், கல்லோடு கட்டிக் கடலில் போட்டான். அவர் எதிர்த்துக் கை ஓங்கவில்லை. பிறகு கடைசிவரை அவர் கையில் இருந்தது கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கும் உழவாரம்தான். படை என்று அதற்குப் பெயர், உழவாரப்படை.

அதே நாவுக்கரசர் பழையாறை வடதளியில், மறைக்கப்பட்ட லிங்கத்தைப் பார்க்காமல் சாப்பிட மாட்டேன் என்று உண்ணாவிரதம் இருந்தார். தமிழ் இலக்கியத்தில் கோரிக்கைக்காகச் சாப்பிடாமல் இருந்த பழைய காட்சிகளில் ஒன்று இது. கோரிக்கை நிறைவேறியது. ஆனால் லிங்கத்தை மறைத்த சமணர்கள் ஆயிரம் பேர் அரசனின் யானைகளால் மிதிபட்டு மாண்டார்கள் என்று அடுத்த மூச்சிலேயே சேக்கிழார் சொல்லிவிடுகிறார். மதுரையில் வாதத்தில் தோற்ற சமணர்களைப் பாண்டியன் கழுவேற்றும்போது, ஞானசம்பந்தருக்குத் தனிப்பட்ட பகை எதுவும் இல்லை என்று எழுதுகிறார். ஆனால் சைவ மடத்துக்கு அவர்கள் தீ வைத்ததை நினைத்து, அரசனைத் தடுக்காமல் இருந்துவிட்டார் என்றும் எழுதுகிறார்.

இவை உண்மையில் நடந்தனவா என்பதில் வரலாற்று ஆய்வாளர்கள் பலருக்குச் சந்தேகம் உண்டு. கல்வெட்டில் இதற்கு ஆதாரம் இல்லை. கேள்வி அதுவல்ல. மெய்ப்பொருள் தத்தனின் கையைத் தடுத்தார், சம்பந்தர் பாண்டியனின் கையைத் தடுக்கவில்லை. இரண்டையும் எழுதியவர் ஒருவரே. வேறுபாடு நெற்றியில் இருக்கிறது. பொய்யாகப் பூசியிருந்தாலும் நீறு இருந்தால் உயிருக்கு உத்தரவாதம், இல்லாவிட்டால் இல்லை. அதுவும் யாரிடம்? எறும்புக்கும் தீங்கு நினைக்கக் கூடாது என்று கொல்லாமையைக் கொள்கையாகவே வைத்திருந்தவர்களிடம்.

கூட்டாளிகள் வெட்ட, நான் திரும்பிக்கொண்டால் போதுமா என்ற மேசைக் கேள்விக்கு, பெரியபுராணத்துக்குள்ளேயே இப்படி இரண்டு பதில் கிடக்கிறது. சேக்கிழாரை வெறுமனே மதவெறியர் என்று ஒதுக்குகிறவர்கள் முதல் பதிலைப் படிக்கவில்லை. அவரை அன்பின் கவிஞர் என்று மட்டும் கொண்டாடுகிறவர்கள் இரண்டாவதை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். தடுக்காமல் இருந்தார் என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தால் கேட்க ஆளில்லை. ஆனாலும் எழுதி வைத்தார் அந்த முன்னாள் அமைச்சர். அதற்கு ஒரு காரணமும் கொடுத்தார். காரணம் தேவைப்பட்டது என்பதே கவனிக்க வேண்டிய விஷயம்.

அரங்கேற்றம்

தில்லையில் நடராசரே முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தார் என்பது மரபு. ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்து நூலை எழுதி முடித்தார் சேக்கிழார். அங்கேயே அரங்கேற்றம். சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு சித்திரைத் திருவாதிரையில் நிறைவுற்றது. ஒரு வருஷம் முழுக்க அனபாயன் உட்கார்ந்து கேட்டானாம். முடிந்த அன்று நூலையும் ஆசிரியரையும் யானைமேல் ஏற்றி, தானும் பின்னால் ஏறி, தன் பழைய அமைச்சருக்குக் கவரி வீசிக்கொண்டு தில்லை வீதிகளில் வலம் வந்தான். தொண்டர்சீர் பரவுவார் என்ற பட்டம் கொடுத்தான். திருமுறைகளில் அது பன்னிரண்டாவதாகச் சேர்ந்தது. அமைச்சுப் பொறுப்பைத் திரும்ப ஏற்க அவர் வரவில்லை. தம்பி பாலறாவாயருக்குத் தொண்டைமான் என்ற பட்டமும் தொண்டை நாட்டுப் பொறுப்பும் போயின.

அனபாயனின் மகன் இரண்டாம் ராஜராஜன் தாராசுரத்தில் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலில், கருவறைச் சுவரின் அடிப்பகுதியைச் சுற்றி ஒரு சாண் உயரம் இருக்கும் சின்னச் சின்னச் சிற்பங்களாக நாயன்மார் கதைகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பலவற்றுக்கு மேலே பெயரும் வெட்டியிருக்கிறது. குனிந்து பார்த்தால்தான் தெரியும். 1852-ல் ஆறுமுக நாவலர் பெரியபுராணத்தை உரைநடையில் அச்சிட்டார். ஓதுவாரிடம் கேட்காமலே வீட்டில் படிக்கலாம் என்ற நிலை அதோடு வந்தது.

சேக்கிழார் சிதம்பரத்திலேயே தங்கிவிட்டார். வைகாசி மாதப் பூச நட்சத்திரத்தில் மறைந்தார். குன்றத்தூரில் அவருக்குத் தனிக் கோயிலும் மணிமண்டபமும் இருக்கின்றன. வைகாசிப் பூசத்தன்று குருபூஜை நடக்கும்.